நக்கீரரும் மாயாண்டியும்

ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) முழுக்கச் சிவாஜி கணேசனின் சிவபெருமான் நிறைந்திருக்கிறார். ஆனாலும் அதை ஆன்மிகப் படமாக்குபவர், என் கணிப்பில், பாண்டியன் அவையின் புலவர் நக்கீரர்தான். எதிரே நிற்பது சிவன் என்று தெரிந்த பிறகும், சிவன் எழுதித் தந்த பாட்டில் கண்ட குற்றத்தை அவர் விட்டுக்கொடுப்பதில்லை. நெற்றிக்கண்ணில் எரிந்துபோவோம் என்று அறிந்தே உண்மையின் பக்கம் நிற்பதைவிடப் பெரிய பக்தி எது? அந்த வேடத்தை இயக்குநரே ஏற்றுக்கொண்டது துணிச்சலான முடிவு.

அந்தத் துணிச்சல் நீடிக்கவில்லை. நக்கீரர் உயிர்பெற்று எழுந்ததும் எல்லாமே சோதிக்க நடந்த விளையாட்டு என்றாகி, வழக்கு தீராமலே கலைந்துவிடுகிறது. படத்தின் அமைப்பும் அதற்குத் தோதானது. பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட முருகனைத் தேற்றப் பார்வதி சொல்லும் கதைகள் இவை. தேற்றச் சொல்லும் கதையில் எந்த இழப்பும் கடைசிவரை இழப்பாக இருக்க முடியாது. சிவன் விறகு விற்பவராக வந்தாலும் மீனவராக வந்தாலும் அவர் யாரென்று நமக்கு முன்பே தெரியும். கே.வி. மகாதேவனின் இசையும் அந்தப் பாட்டை அவைக்குக் கொண்டுவரும் ஏழைப் புலவராக நாகேஷ் நடித்த தருமியும் காலத்தை வென்ற கலை. ஆனால் நம்பிக்கைக்கு விலையாக நம்மிடம் படம் எதையும் கேட்பதில்லை.

மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) கேட்கிறது. குலதெய்வத்துக்குப் படைக்கப் புது நெல் வேண்டும். ஊரில் இன்னும் உழுபவர் காது மந்தமான கிழவர் மாயாண்டி. நிலத்தில் செத்துக்கிடந்த மயில்களைப் புதைத்தவர்மீதே அவற்றைக் கொன்றதாக வழக்கு. முருகனின் வாகனத்துக்காகச் சிறைப்பட்டவரை மீட்க முருகன் வரவில்லை. அவருக்கும் தன் விடுதலையைவிட வாடும் பயிர்தான் கவலை. நீதிபதி ஒரு காவலரிடம் அந்தப் பயிருக்குத் தண்ணீர் விடச் சொல்கிறார். கதையின் நடுவே நிகழும் அற்புதம் இவ்வளவுதான், இது போதும். மாயாண்டியாக வாழ்ந்த நல்லாண்டி படம் வெளிவருமுன்பே இறந்துவிட்டார். பயிரைத் தொடும் அவர் கையில் பாவனையே இல்லை.

படத்தின் குறை ராமையா என்ற முருக பக்தர். இறந்துபோன காதலிக்கும் சேர்த்துச் சோறு கேட்கும் ராமையாவாக விஜய் சேதுபதி மனத்தை உலுக்குகிறார். பிறகு அவர் மலைமீது மறைந்துபோகும்போது, நம்பிக்கை வீண்போகாது என்று மாயாண்டிக்கு யாரும் தராத உறுதிமொழியைப் படம் நமக்குத் தந்துவிடுகிறது. அது தேவையில்லை. அந்தக் குறையோடு சேர்த்தே இதை மேலான படம் என்கிறேன்: நக்கீரரின் வழக்கைக் கடவுளே வந்து கலைத்துவிட்டார், மாயாண்டியோ சிறைக்குள்ளும் பயிரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.