வரம்போரத்து ஆரை

மாரி மழை இறங்கிய பிறகு, வேலணை வயல் வரம்பில் குந்தியிருந்து பார்ப்பவருக்குத்தான் ஆரை தன் அழகைக் காட்டும். மெல்லிய காம்பு, அதன் நுனியில் நான்கே நான்கு சிற்றிலைகள். தளிர் சுருண்டு பிறந்து ஆறுதலாக அவிழ்கிறது. தண்ணீர் ஏறினால் காம்பும் கூடவே நீண்டு இலையை மேலே மிதக்கவிடும். பொழுதுபட்டால் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். பூவே பூக்காத பன்னத்துக்கு இவ்வளவு நளினம்!

அதைவிடப் பெரிய கெட்டித்தனம், நஞ்சு படும்போது இலைக்குள்ளே நடக்கிறது. இலங்கையில் 2008இலிருந்து படிப்படியாக விலக்கப்பட்ட பராகுவாட் என்ற களைநாசினி, ஒளித்தொகுப்பில் ஓடும் இலத்திரன்களைப் பறித்து ஒட்சிசனிடம் கொடுத்துவிடும். அதில் பிறக்கும் சுப்பரொட்சைட்டு கலமென்சவ்வுகளைச் சிதைக்கத் தொடங்கும். வெயில் ஏற ஏறச் சேதமும் ஏறும். தாவரம் சும்மா இருப்பதில்லை. ஒரு நொதியம் சுப்பரொட்சைட்டை ஐதரசன் பரவொட்சைட்டாக்க, கற்றலேசு போன்றவை அதைப் பிடித்துத் தண்ணீராக்கிவிடுகின்றன. நஞ்சின் அளவு மிஞ்சினால் இந்தக் காவலும் உடையும், இலை கருகும். ஆனாலும் அந்த மருந்து களிமண்ணோடு இறுக ஒட்டிவிடுவதால், சேற்றுக்குள் ஊர்ந்து செல்லும் தண்டு தப்பி மறுபடி தளிர்விடக்கூடும். ஆரையின் உறவான அசோலா என்ற பன்னம், நெருக்கடி வந்தால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிவிடும். அதுவும் பார்க்க வேண்டிய நிறந்தான்.

கோடையில் தண்ணீர் வற்றி மண் வெடித்தாலும், ஆரையின் அவரை விதை போன்ற கடினமான வித்திக்காய்கள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஓடு கீறுண்டு தண்ணீர் பட்டதும், உள்ளிருந்து வழுவழுத்த நாடா ஒன்று நீண்டு வித்திகளை வெளியே இழுத்துவரும்.