புதுவை சினோடும் இன்றைய இளைஞர் பணியும் – சில குறிப்புகள்

"இளைஞர்களைச் சபையில் தக்கவைப்பது எப்படி?" இந்தத் தலைப்பில் நடக்கிற கருத்தரங்குகள், முகாம்கள், யூடியூப் உரைகள் கடந்த சில வருடங்களில் ரொம்பவே பெருகிவிட்டன. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற வித்தியாசமெல்லாம் இதில் இல்லை. நான் வேலை பார்க்கிற மென்பொருள் துறையிலும் இதே பேச்சு உண்டு. அங்கே 'யூசர் ரிடென்ஷன்' என்பார்கள். செயலியை இறக்கிக்கொண்ட ஆள் எத்தனை நாள் தாங்குகிறார், எப்போது கழற்றிவிடுகிறார் என்ற கணக்கு. கேள்வி ஒன்றுபோல இருப்பதால் தீர்வும் ஒன்றுபோலவே வந்து நிற்கிறது: நல்ல ஒலியமைப்பு, பெரிய திரை, கிட்டார், முப்பது விநாடி வீடியோ.

இந்தக் கேள்வியே கோணலாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதைக் காட்ட அமெரிக்காவரை போக வேண்டியதில்லை, புதுச்சேரியின் பழைய கதை ஒன்றே போதும். அதற்கு முன்னால் கொஞ்சம் எண்கள்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர்கள் 67,688 பேர். 2011-ல் 78,550 பேர். பத்து வருடத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் கூடியிருக்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் மொத்த மக்கள்தொகை 28 சதவீதம் கூடியதால், அவர்களுடைய பங்கு 6.9-லிருந்து 6.3 சதவீதமாக இறங்கியது. அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் இதை வைத்துத்தான் பேச முடியும். ரயில் நிலையம் பக்கம் இருக்கிற திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், ஐரோப்பாவில் சொல்கிற 'காலி சர்ச்' கதை இங்கே பொருந்தாது. இங்கே நடப்பது வேறு. ஒன்று, குழந்தைகளே குறைவு. இந்தப் பகுதியின் பிறப்பு விகிதம் பதிலீட்டு அளவான 2.1-க்குக் கீழே போய் ரொம்ப நாளாகிறது. ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவரைக் குருமடத்துக்கு அனுப்புவதும், ஒரே பையன் இருக்கிற வீட்டில் அனுப்புவதும் ஒன்றல்ல. இரண்டு, படித்து முடித்ததும் சென்னை, பெங்களூர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள 'சொல்தா' குடும்பமாக இருந்தால் நேரே பிரான்ஸ். கூட்டம் குறையாமலே அடுத்த தலைமுறை கைவிட்டுப் போகலாம் என்பதுதான் இங்குள்ள நிலைமை.

இதைப் பற்றிக் கத்தோலிக்கர் தரப்பில் வந்த பெரிய ஆவணம் போப் பிரான்சிஸ் எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்'. 2018 அக்டோபரில் இளைஞர்களைப் பற்றி ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தைத் தொடர்ந்து, 2019 மார்ச் 25 அன்று கையெழுத்தானது. ஒன்பது அதிகாரம், 299 பத்திகள். நன்றாகவே எழுதியிருக்கிறார். திருச்சபை எதற்கெடுத்தாலும் தற்காத்துக்கொண்டே இருந்தால் அருங்காட்சியகம் ஆகிவிடும் என்கிற எச்சரிக்கை அதில் உண்டு. ஏழாம் அதிகாரத்தில், இளைஞர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளைஞர்களே, மற்றவர்கள் கூட நடந்தால் போதும் என்ற கருத்தும் வருகிறது. கணினியில் விசுவாசத்தைப் பரப்பிய கார்லோ அக்குத்திஸ் என்ற இத்தாலியப் பையனுக்கும் மூன்று பத்திகள். 15 வயதில் இறந்த அவர் 2025 செப்டம்பரில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

என் புகார் கருத்தைப் பற்றி இல்லை. 299 பத்திகளில் அழைப்பு இருக்கிறது, ஊக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு பங்குத்தந்தை நாளைக் காலை எழுந்து கட்டாயம் செய்தே ஆக வேண்டியது என்று ஒன்றும் இல்லை. அந்த 2018 மாமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள், பேசவும் செய்தார்கள். வாக்குரிமை கிடையாது. இளைஞர்களைப் பற்றிய கூட்டத்தில் இளைஞருக்கு ஓட்டு இல்லை! பொதுநிலையினருக்கும், அவர்களில் இளைஞர்களுக்கும், வாக்கு கிடைத்தது 2023 மாமன்றத்தில்தான்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது 1844-ல் புதுச்சேரியில் நடந்த சினோடு. ஜனவரி 18-ல் தொடங்கி பிப்ரவரி 13 வரை நடந்தது. கூட்டியவர் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஆயர் கிளெமான் பொன்னான். அன்றைக்கு இந்தப் பக்கத்து மிஷன் பாதிரியார்களின் பற்றாக்குறையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. சேசு சபை 1773-ல் கலைக்கப்பட்ட பிறகு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவதே அருகிப்போயிருந்தது. 'மக்களைத் தக்கவைப்பது எப்படி' என்று கேட்டிருந்தால் நியாயம்தான். அவர்கள் கேட்டது, இந்த மிஷனை நமக்குப் பிறகு யாரிடம் கொடுப்பது என்று. விடையாக வந்தவை முக்கியமாக இரண்டு: இந்த மண்ணின் குருக்களை உருவாக்குவது, சிறுவர் சிறுமியருக்கு முறையான கல்வி கொடுப்பது. வரலாற்று நூல்களில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே எழுதுவார்கள். எனக்கு இரண்டும் ஒரே தீர்மானமாகத்தான் படுகிறது. படிக்காதவனிடம் பொறுப்பைக் கொடுக்க முடியாது. பொறுப்பு கொடுக்கிற எண்ணம் இல்லையென்றால் படிக்கவைக்கிற அவசரமும் இருக்காது.

வேகத்தையும் கவனியுங்கள். அதே 1844-ல் பெத்தி செமினேர் தொடங்கப்பட்டது. அதே வருடம் அக்டோபரில் லூயி சவினியேன் துப்புயி என்ற மிஷனரி, பெண் குழந்தைகளின் கல்விக்காக மரியாயின் மாசற்ற இருதய சபையை ஆரம்பித்தார், உள்ளூர்ப் பெண்களை வைத்து. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே கோயில் தாசி என்று நினைத்த காலம் அது. தமிழ் அகராதி ஆர்வலர்களுக்குத் துப்புயியைத் தெரிந்திருக்கும். முசேயும் இவரும் சேர்ந்து செய்த தமிழ்–பிரெஞ்சு அகராதி புதுவை மிஷன் அச்சகத்தில் வந்தது. ஆக, கூட்டம் முடிந்த எட்டே மாதத்தில் கையில் ஒரு பள்ளியும் ஒரு துறவற சபையும். நம் ஊர்க் கருத்தரங்குகளின் அறிக்கைகள் எட்டு மாதத்தில் அச்சுக்கு வந்தாலே பெரிசு.

சினோடின் தீர்மானங்களை ரோமுக்கு எடுத்துப்போன ஆள் லுக்கே. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், குருவாவதற்கு முன் கட்டடக் கலைஞர், புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தே அதிக காலம் ஆகவில்லை. அப்படிப்பட்டவரை நம்பி ஆயர் அனுப்பினார். லுக்கே அங்கே சினோடைப் பற்றி விளக்க நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். 1845 நவம்பரில் ரோம், உலகம் முழுவதிலும் உள்ள மிஷன் தலைவர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: உள்ளூர்க் குருக்களை உருவாக்குங்கள், அவர்களை வெறும் எடுபிடிகளாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பின்னணியில் இருந்தது புதுவை சினோடு. இதை நம்மூர் ஆட்களே அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

சரி, இதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? முதல் இந்தியப் பேராயராக அம்புரோஸ் ராயப்பன் புதுவையின் பொறுப்பை ஏற்றது 1955-ல். தீர்மானத்துக்கும் கைமாற்றத்துக்கும் நடுவில் 111 வருடம். தூத்துக்குடியில் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் 1923-லேயே ஆயராகிவிட்டார். தீர்மானத்தை எழுதிய ஊர் பின்தங்கி நின்றது.

இன்னொரு விஷயம் இதைவிடக் கசப்பானது. 'உள்ளூர் ஆட்களிடம்' என்றால் எந்த உள்ளூர் ஆட்களிடம்? ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு சம்பவம் வருகிறது. அன்றைய சம்பாக் கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தூண்டிவிட, தலித் கிறிஸ்தவர்கள் போய் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. இடித்தவுடன் மறுபக்கத்தில் கொந்தளிப்பு. அடுத்த நூற்றாண்டு மிஷனரிகளும் சாதியோடு சமரசம் செய்துகொண்டேதான் மிஷனை நடத்தினார்கள். 2008 மார்ச்சில் இதே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இந்திய ஆயர் பேரவை சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று சொல்லி, தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது 2016-ல்.

இளைஞர் பணி பற்றிப் பேசுகிறவர்கள் எறையூரை வேறு துறையாக ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே உடல் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்துவிட்டு, வெளியே வந்ததும் தனிக் கல்லறையைப் பார்க்கிற பதினைந்து வயதுப் பையனுக்கு, கிட்டார் வாசித்து என்ன பதில் சொல்ல முடியும்? அவனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் இதே திருச்சபைதான். அந்தப் படிப்பால்தான் அவன் கேட்கிறான்.

எங்கள் தொழிலில் திறமூல மென்பொருள் திட்டங்கள் உண்டு. ஆயிரம் பேர் பயன்படுத்தலாம், நூறு பேர் பிழை சொல்லலாம். ஆனால் மூல நிரலை மாற்றி உள்ளே சேர்க்கிற உரிமை, 'கமிட் அக்சஸ்', சிலரிடம்தான் இருக்கும். அந்தச் சிலருக்கு வயதாகி, புது ஆட்களுக்கு உரிமை கொடுக்காமலே விட்டால் திட்டம் செத்துவிடும், பயனர்கள் எத்தனை பேர் இருந்தாலும். ஒரு பங்கின் திருவிழாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரைக்கும் பந்தல், சீரியல் செட், பார்க்கிங், நேரலை எல்லாம் பசங்க வேலை. வரவு செலவு நோட்டு பெரியவர்கள் கையில். பீடச்சிறுவன், பாடகர் குழு, இளைஞர் இயக்கம் என்று படி ஏறி வருகிறவனுக்கு இருபத்தைந்து வயதில் அடுத்த படி இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னாலேயே படி முடிந்துவிடும்.

மாற்று உதாரணம் தமிழ்நாட்டிலேயே, புராட்டஸ்டண்ட் பக்கம் இருக்கிறது. 1950-களில் திருநெல்வேலிப் பகுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திய இளைஞர்கள் அங்கங்கே ஜெபக்குழுக்களாகச் சேர்ந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஃபிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட். 1967-ல் முதல் மிஷனரியை அனுப்பி, பிறகு வட மாநிலங்கள் வரை போனார்கள். அவர்களுடைய மிஷன் இறையியலில் எனக்குக் கேள்விகள் உண்டு, அது வேறு கட்டுரை. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது, காசு திரட்டுவதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அனுப்புவதும் அந்த இளைஞர்கள் கையிலேயே இருந்தது என்பதுதான்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பொறுப்பு கொடுத்தாலும் போய்விடுவார்களே, பெங்களூர்க்காரனை எப்படிப் பங்குப் பேரவையில் வைப்பது? உண்மைதான். 1844-க்காரர்கள் கொடுத்த கல்வியே வெளியே போகிற வழியாகவும் ஆனது. ஆனால் போனவர்கள் எல்லாரும் நஷ்டம் என்று எழுதுவது ரிடென்ஷன் கணக்கு. பாரிஸ் புறநகரில் தமிழில் பூசை நடப்பது அப்படிப் போனவர்களால்தான். பெத்தி செமினேர் என்றால் சிறு குருமடம். இன்று அதில் படிக்கிறவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. பொன்னான் எதிர்பார்த்தது இது இல்லை என்றாலும், ஊருக்குக் கிடைத்தது சின்னதல்ல.

லுக்கே கதை பாக்கி இருக்கிறது. ரோம் அவரை 1845-லேயே ஆயராக்கி, பொன்னானுக்கு உதவி ஆயராகப் புதுச்சேரிக்கு நியமித்தது. எதிர்ப்பு கிளம்பியது புதுச்சேரியிலிருந்த சக மிஷனரிகளிடமிருந்தே. அவர் திரும்பி வரவே இல்லை. 1858-ல் ரோமில் இறந்தார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை.