நாட்காட்டியில் கண்ட முகங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் உலவுவோர்க்கும், பண்டிகைக்குத் துணி வாங்கக் கிள்ளான் நகர் செல்வோர்க்கும் சென்னைச் சினிமா நட்சத்திரங்களின் முகம் புதிதன்று. அம்முகங்களைப் படம் பிடித்து நமக்கு அனுப்புவோர் யாவர் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அவருள் ஒருவர் சென்னை ஜி. வெங்கட் ராம்.

விளம்பரப் படங்களிலும் சினிமாச் சுவரொட்டிகளிலும் கைதேர்ந்தவர் இவர். சுவரொட்டியோ, சாலையில் விரைவோன் கண்ணை ஒரு நொடியில் பற்றியிழுக்க வேண்டும். ஆகவே அதில் ஒளி கூர்மையாகும், நிழல் கறுக்கும், முகம் முழக்கமிடும். ஆனால், சுஹாசினி மணிரத்னம் நிறுவிய நாம் அறக்கட்டளைக்கென இவர் ஆக்கிய 2020-ஆம் ஆண்டு நாட்காட்டி வேறு வகையினது. நடிகையரையும் நாட்டியக் கலைஞரையும் கொண்டு, ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை நிழற்படங்களாக மீண்டும் படைத்தார். அன்னத்தோடு பேசும் தமயந்தியாக ரம்யா கிருஷ்ணன் தோன்றினார். ஒரு திங்கள் முழுதும் சுவரில் தங்கும் படம் முழக்கமிடலாகாது என்பதை வெங்கட் ராம் உணர்ந்திருக்கிறார். ஒளி மென்மையுற்றது, சேலையின் மடிப்பும் கையின் வளைவும் பேசுகின்றன. விளம்பரக் கலைஞர் ஓவியனின் பொறுமையைக் கற்றுத் தேர்ந்த இடம் இதுவே.

எனினும், நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவியபின், அரண்மனையில் இருந்த ஓவியம் ஏழையின் குடிலுக்கும் வந்தது. தோட்டத்து லயங்களில் பூச்சூட்டி வணங்கப்பட்ட சாமி படங்கள் பலவும் அம்மரபின் வழி வந்தவையே. கலை எளியோரை அடைந்தது நன்மை. அதனோடு, வெளுத்த மேனியே அழகு, அதுவே தெய்விகம் என்னும் எண்ணமும் வீடு புகுந்தது தீமை. பால்மரம் வெட்டிய நம் தாய்மாரின் கறுத்த முகத்திற்கு அச்சுவரில் இடமில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது, பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டுமெனச் சட்டம் வந்தது. அரசாங்கம் கேட்டது அடையாளத்தை, அழகை அன்று.

துணையின்றி வாழும் மகளிர்க்கு உதவவே அந்நாட்காட்டி பிறந்தது. ஆயினும் அதில் ஒளி பெற்றவர் புகழ் பெற்றோரே. 'புகழுள்ள முகமே பொருள் சேர்க்கும், வறியோரைக் காட்சிப்பொருளாக்கலாமோ?' என்பர் சிலர். நியாயமான கேள்வியே. வறுமையைக் காட்டிப் படமெடுத்தல் இழிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் வேண்டுவது அதுவன்று. தமயந்திக்குத் தந்த அதே இருக்கை, அதே மென்னொளி, அதே பொறுமை ஆகியவற்றையே வேண்டுகிறோம்.

இதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டுவதில்லை. அரச குலத்திற் பிறவாத நடிகையரை அமர்த்தி, அணி பூட்டி, ஒளி செய்தார், அவர்கள் இளவரசியராயினர். மாட்சி பிறப்பினால் வருவதன்று, பிறர் நமக்களிக்கும் கவனத்தினால் வருவது என்பதை வெங்கட் ராமின் கலையே மெய்ப்பித்துவிட்டது. அங்ஙனமாயின், அக்கவனம் ஒருநாள் பால்வெட்டும் பெண்ணின் மீதும் விழுதல் வேண்டும். அக்கருவியை ஏந்தும் கை சென்னையிலிருந்துதான் வரவேண்டுமா? கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் படம் பிடிக்கும் நம் இளைஞர் விடை கூறுக.