விபிஎன் மந்தம்: பழுது யார் பக்கம்?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் "விபிஎன் இழுக்குது" என்று ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போட்டால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் பதிலாக வருகிறது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். கிளையன்ட் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். வேறு சர்வருக்கு மாறிப் பாருங்கள். ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். எல்லாவற்றையும் செய்து முடிக்க அரை நாள் போய்விடும். மறுநாள் காலை மீட்டிங்கில் குரல் மறுபடி விட்டு விட்டுத்தான் கேட்கும்.

2020 மார்ச் ஊரடங்கில் அலுவலகம் முழுவதும் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனபோது இப்படியொரு பட்டியலை மன்னித்திருக்கலாம். இன்றும் அது மாறாமல் ஓடுவதற்கு அந்த நெருக்கடியைக் காரணம் சொல்ல முடியாது. அதிலுள்ள அறிவுரைகளை இரண்டு கேள்விகளால் எடை போடலாம் என்று நினைக்கிறேன். இது பல காரணங்களில் எது என்று பிரித்துக் காட்டுகிறதா? அந்தக் காரணத்தைச் சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று சொல்கிறதா? இரண்டுக்கும் பதில் தராத அறிவுரை, எத்தனை எளிதாக இருந்தாலும், ஊழியரின் நேரத்தை வாங்கி ஹெல்ப்டெஸ்க்கின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

முதலில் ஸ்பீடு டெஸ்ட். எல்லோரும் நம்புவது இதைத்தான். ஆனால் பிரித்துக் காட்டும் திறன் இதற்கு மிகக் குறைவு. இத்தகைய சோதனைகள் பொதுவாக அருகிலிருக்கும் சர்வரையே தேர்ந்தெடுக்கின்றன, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கின்றன. திருச்சியிலுள்ள ஒருவருக்கு அது சென்னை சர்வரோடு 100 எம்பிபிஎஸ் என்று காட்டும். அவருடைய விபிஎன் போய்ச் சேருவதோ நியூஜெர்சியிலுள்ள கேட்வேக்கு, அதாவது அலுவலக வலையின் நுழைவாயிலுக்கு. அந்த வழியைப் பற்றி இந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. "உங்கள் நெட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டை மூடுவதற்கு மட்டும் அது உதவுகிறது. கேட்வேயின் முகவரிக்கே பத்து நிமிடம் பிங் ஓடவிட்டு, போய்வர எத்தனை மில்லிசெகண்ட், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது, எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று குறித்தால் அதில் பத்து மடங்கு செய்தி இருக்கும். கேட்வே பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருந்தால், விபிஎன் இணைந்த பிறகு உள்ளேயிருக்கும் ஒரு சர்வருக்கு ஓடவிடலாம்.

நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதை இதைவிடவும் கீழே வைப்பேன். 2022 ஜனவரியில் விண்டோஸின் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் வந்ததும், எல்2டிபி-ஐபிசெக் வகை விபிஎன் இணைப்புகள் உலகெங்கும் பல இடங்களில் நின்றுபோயின. மைக்ரோசாஃப்ட் பிழையை ஏற்றுக்கொண்டு, ஒரு வாரத்துக்குள், ஜனவரி 17 அன்று தனி அப்டேட் ஒன்றை வெளியிட்டுச் சரிசெய்தது. 2024 ஏப்ரல் அப்டேட்டும் விபிஎன்னைக் கெடுத்தது. மே மாதத்தில்தான் அது தீர்ந்தது. அந்த நாட்களில் கிளையன்ட்டை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை, பழுது அதில் இல்லையே. மறுநிறுவலுக்கு இன்னொரு கேடும் உண்டு. அது பதிவேடுகளையும் அழித்துவிடக்கூடும். எந்த நிமிடத்தில், எந்தக் காரணம் சொல்லி இணைப்பு அறுந்தது என்று கிளையன்ட்டின் லாக் கோப்பில் இருந்திருக்கும். மருந்து தேடும் அவசரத்தில் நோயின் ஒரே தடயத்தைத் தூக்கி எறிகிறோம்.

பட்டியலில் வராத, வந்தாலும் கடைசியில் 'அனுபவசாலிகளுக்கு மட்டும்' என்ற குறிப்போடு வருகிற இரண்டு விஷயங்கள்தான் உண்மையில் எடையுள்ளவை. ஒன்று, இணைப்பு எந்த நெறிமுறையில் ஓடுகிறது என்பது. சிஸ்கோ எனிகனெக்ட் முதலில் டிசிபி வழியாக இணைந்து, பிறகு தரவுக்கு யுடிபி வழியைத் திறக்கப் பார்க்கிறது. பாலோ ஆல்டோவின் குளோபல்புரொடெக்ட் ஐபிசெக்கை முயன்று பார்த்து, முடியாவிட்டால் எஸ்எஸ்எல்லுக்கு இறங்குகிறது. ஹோட்டல் வைஃபையோ, ரவுட்டரின் ஃபயர்வாலோ, இணைய நிறுவனத்தின் வடிகட்டியோ யுடிபியைத் தடுத்தால், கிளையன்ட் சத்தமில்லாமல் டிசிபிக்கு மாறிக்கொள்ளும். திரையில் 'கனெக்டட்' என்று பச்சை விளக்கு எரியும். ஊழியருக்குத் தெரிவது மந்தம் மட்டும்தான்.

டிசிபிக்குள் டிசிபி ஓடுவது ஏன் கெடுதல் என்று ஓலாஃப் டிட்ஸ் 2001 வாக்கிலேயே தெளிவாக எழுதினார். பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்புவது டிசிபியின் கடமை. விபிஎன் அமைக்கும் சுரங்கத்தின் வெளிச்சுவரும் டிசிபி, உள்ளே ஓடுவதும் டிசிபி என்றால், ஒரே இழப்புக்கு இரண்டு அடுக்குகளும் தனித்தனியாகத் திரும்ப அனுப்பத் தொடங்குகின்றன. வெளி அடுக்கு தாமதிக்க, உள் அடுக்கு அதை இழப்பு என்று எண்ணி மேலும் அனுப்ப, வரிசை நீண்டுகொண்டே போகிறது. லேசான பாக்கெட் இழப்புகூட இணைப்பை முடக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் தேவையில்லை. கிளையன்ட்டின் புள்ளிவிவரப் பக்கத்தில் டிடிஎல்எஸ்சா, ஐபிசெக்கா (யுடிபி வழி), டிஎல்எஸ்சா, எஸ்எஸ்எல்லா (டிசிபி வழி) என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரி, ஐந்து ஸ்பீடு டெஸ்ட் படங்களைவிட மேலானது. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து அதே பக்கத்தைப் பார்த்தால், தடுப்பது வீட்டு இணைப்புதானா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பாக்கெட்டின் அளவு. விபிஎன் செய்வது, ஒரு தபால் உறையை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவது. வெளி உறையின் அளவு மாறாது என்பதால், உள் உறை சுருங்கியாக வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பிஎஸ்என்எல் ஃபைபரைப் போலப் பிபிபிஓஇ முறையில் வரும் இணைப்புகளில் 8 பைட் குறைந்து 1492. அதற்குள் விபிஎன் தன் தலைப்பையும் சேர்க்க வேண்டும். அளவைத் தாண்டிய பாக்கெட்டை வழியிலுள்ள ரவுட்டர் கைவிட்டு, 'பெரிதாக இருக்கிறது' என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் பல ஃபயர்வால்கள் அந்தச் செய்தியையே தடுத்துவிடுகின்றன. அப்போது பெரிய பாக்கெட்டுகள் போன இடம் தெரியாமல் மறைகின்றன, சிறியவை மட்டும் போய்ச் சேருகின்றன.

இதன் அறிகுறி மிகத் தெளிவானது. அதைத் தவறவிடுவதுதான் எனக்கு வருத்தம். லாகின் ஆகும். பிங் போகும். சாட் வேலை செய்யும். பெரிய கோப்பைத் திறந்தால் தொங்கும், ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நிற்கும், சில தளங்கள் பாதி வந்து உறையும். "கனெக்ட் ஆகுது, ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சோதிப்பதும் எளிது. துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்ப வேண்டும். தலைப்பின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வரலாம். பிபிபிஓஇ இணைப்பில் 1464-இல் போய்விடும். அதே சோதனையை விபிஎன்னுக்குள் செய்து, எந்த அளவு வரை போகிறது என்று பார்த்து அந்த 28-ஐக் கூட்டினால், எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். ஆனால் அந்த எண்ணை மாற்றும் அனுமதி அலுவலக லேப்டாப்பில் ஊழியருக்கு இருக்காது. கேட்வேயிலேயே டிசிபியின் துண்டளவைக் குறைத்து வைப்பது நிர்வாகி ஒருமுறை செய்யும் வேலை. அதே பழுதால் தவிக்கும் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் தீரும். ஐந்நூறு பேரை ஐந்நூறு முறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வதற்குப் பதிலாக.

வீட்டுப் பக்கமே பழுது இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. வீட்டு ரவுட்டரும் அலுவலக வலையும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தினால், விபிஎன் இணைந்த பிறகும் குறிப்பிட்ட ஒரு ஃபைல் சர்வர் மட்டும் கிடைக்காது. ரவுட்டரில் அந்த வரிசையை மாற்றினால் போதும். லேப்டாப் கடிகாரம் தவறினால் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபியை அதே லேப்டாப்பில் எடுத்தால் அதுவும் நிராகரிக்கப்படும். மொபைல் இணைப்பில் சற்று நேரம் சும்மா விட்டால் அறுந்துபோவது, இணைய நிறுவனத்தின் முகவரிப் பகிர்வு சும்மா இருக்கும் யுடிபி இணைப்பை மறந்துவிடுவதால். வயர்கார்ட் வகை விபிஎன்னில் 25 விநாடிக்கு ஒரு கீப்அலைவ் என்று வைத்தால் தீரும். வீட்டில் யாருடைய போனாவது படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றும்போது மட்டும் மீட்டிங் குரல் உடைந்தால், ரவுட்டரின் வரிசை நிரம்பி வழிகிறது என்று பொருள். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இந்தச் சிக்கலை 2010-11 வாக்கில் ஊரறியச் செய்தார். பிளான் வேகத்தைக் கூட்டி வாங்குவதைவிட, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதியுள்ள ரவுட்டர் இதற்கு நல்ல மருந்து.

எந்த ரவுட்டராலும் தீராதது தூரம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரமே ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. போய்வர 135 மில்லிசெகண்டுக்குக் குறைய இயற்கை இடம் தராது. கேபிள்கள் வளைந்து போவதால் நடைமுறையில் 200-க்கு மேல்தான். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது போக்குவரத்து சுற்றுவழியில் போய்த் தாமதம் மேலும் கூடியது. ஒரு ஃபோல்டரைத் திறக்க நூறு முறை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டியிருந்தால், 250 மில்லிசெகண்ட் வீதம் அது 25 விநாடி. லைன் எத்தனை எம்பிபிஎஸ் ஆனாலும் இதே 25 விநாடிதான். தூரத்தால் தவிக்கும் ஊழியரிடம் வேகமான பிளான் வாங்கச் சொல்வது அவர் பணத்தை வீணாக்குவது. கோப்பை அங்கேயே வைத்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை பார்க்க வழி செய்வதோ, சென்னையிலோ மும்பையிலோ ஒரு கேட்வே வைப்பதோதான் தீர்வு. இரண்டும் நிர்வாகத்தின் முடிவு.

எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் செலுத்தும் முழு டனல் முறை இந்தத் தூரத்தை இரட்டிப்பாக்குகிறது. மதுரையிலிருப்பவர் சென்னையிலிருக்கும் சக ஊழியரோடு வீடியோவில் பேச, இருவர் குரலும் அமெரிக்கா போய்த் திரும்புகிறது. 2020 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட், டீம்ஸ் போன்றவற்றின் போக்குவரத்தை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும்படி, அதாவது ஸ்பிளிட் டனல் வைக்கும்படி, பரிந்துரைத்தது. எதிர்வாதத்திலும் வலு உண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பின் 800-53 கட்டுப்பாட்டுத் தொகுப்பு, பாதுகாப்பாக அமைக்கப்பட்டாலொழிய ஸ்பிளிட் டனலைத் தடுக்கவே சொல்கிறது. கண்காணிப்புக்கு வெளியே ஒரு கதவு திறந்திருந்தால் அதன் வழியே யாரும் நுழையலாம் என்பது வெற்று அச்சமல்ல. ஆனால் அந்தத் தடையிலேயே விதிவிலக்குக்கும் இடம் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்த, ஏற்கெனவே மறையாக்கம் செய்யப்பட்ட வீடியோ மீட்டிங் முகவரிகளுக்கு மட்டும் வெளிவழி விடுவது அந்த இடத்துக்குள் பொருந்துகிறது. ஒட்டுமொத்தமாக மறுப்பது பாதுகாப்பைவிட வசதிக்காகவே என்று நினைக்கிறேன்.

பட்டியல்களில் தென்படும் 'ஃபயர்வாலைச் சற்று நேரம் அணைத்துப் பாருங்கள்', 'வேறு இலவச விபிஎன் போட்டுப் பாருங்கள்' என்ற இரண்டையும் நான் எடை போடவே மறுக்கிறேன். 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாயான கலோனியல் பைப்லைன் நின்றது, இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியே தாக்குதல்காரர்கள் நுழைந்ததால். விபிஎன் விஷயத்தில் தளர்வின் விலை அப்படிப்பட்டது. இலவச விபிஎன் அறிவுரை வேறொரு உலகிலிருந்து வந்தது. வீடியோ தளங்களுக்காக நாடு மாற்றிக் காட்டும் சேவையின் கையேட்டை அலுவலகக் கேட்வேக்குப் பொருத்தினால் பொருந்தாது. 'வேறு சர்வருக்கு மாறுங்கள்' என்பதும் அங்கிருந்து வந்ததே. அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் கேட்வே.

ஆக என் தீர்ப்பு இது. வழக்கமான பட்டியலில் ரீஸ்டார்ட் ஒன்றைத்தான் தக்கவைக்கலாம். அதுவும் லாக் கோப்பை எடுத்து வைத்த பிறகு. மற்றதை நீக்கிவிட்டு ஊழியரிடம் கேட்க வேண்டியவை வேறு: எந்த நெறிமுறையில் இணைந்திருக்கிறது, துண்டாகாத பிங் எந்த அளவில் நிற்கிறது, கேட்வேக்குப் போய்வர எத்தனை மில்லிசெகண்ட், ஹாட்ஸ்பாட்டில் என்ன மாறுகிறது, மந்தம் எல்லாவற்றிலுமா ஒன்றிலா. கால் மணி நேர வேலை. இந்தப் பதில்களோடு வரும் டிக்கெட்டை 'உங்கள் நெட் பிரச்சினை' என்று மூட முடியாது. மூடுவதானால் எந்த எண்ணை வைத்து என்று ஹெல்ப்டெஸ்க் எழுதித் தர வேண்டும்.

இந்தத் தீர்ப்பு பொருந்தாத ஓர் இடம், ஹெல்ப்டெஸ்க்கே இல்லாத சிறு அலுவலகம். நான்கு பேர் நடத்தும் கணக்கு நிறுவனம் சொந்தமாக வயர்கார்ட் வைத்திருக்கும். அங்கே ஊழியரும் நிர்வாகியும் ஒருவரே என்பதால், எம்டியு எண்ணை அவரே மாற்றிக்கொள்ளலாம். வயர்கார்டின் இயல்பு அளவு 1420. பிபிபிஓஇ இணைப்பில் வெளிவழி ஐபிவி6 ஆக இருந்தால் 1412-தான் கொள்ளும். எட்டே எட்டு பைட் கூடுதலால் அவர்களுடைய டேலி கணக்குக் கோப்பு திறக்காமல் நிற்கும், லைன்மேன் மூன்று முறை வந்து கேபிளை மாற்றிவிட்டுப் போயிருப்பார். அமைப்புக் கோப்பில் எம்டியு 1412 என்று ஒரு வரி சேர்த்தால் அது திறக்கும்.