அன்பளிப்பு நிலாக்கற்களின் நம்பகத்தன்மை: ஐயங்களும் விவாதமும்

ஐக்கிய அமெரிக்கா பிற நாடுகளுக்கு அன்பளிப்பாக வழங்கிய நிலாக்கற்கள் உண்மையில் நிலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவைதாமா என்ற ஐயம் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. 2009 ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த "நிலாக்கல்" வெறும் கல்மரத் துண்டு என்று அறிவித்தபின் இந்த ஐயம் வலுப்பெற்றது. மனிதர் நிலாவில் இறங்கவே இல்லை என்று வாதிடுவோர் இந்நிகழ்வைத் தம் தரப்புச் சான்றாக எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் இந்த விவாதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட கல் உண்மையானதா என்பது ஒன்று. அப்பல்லோ பயணங்கள் உண்மையானவையா என்பது மற்றொன்று. முதலாவதற்கான விடை இரண்டாவதற்கும் விடையாகிவிடாது.

ஆம்ஸ்டர்டாம் கல்

அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் மூவரும் நிலாவிலிருந்து திரும்பியபின் உலகச் சுற்றுப்பயணம் மேற்கொண்டனர். 1969 அக்டோபரில் அவர்கள் நெதர்லாந்துக்கு வந்தபோது, அந்நாட்டுக்கான அமெரிக்கத் தூதர் வில்லியம் மிடென்டார்ஃப், முன்னாள் தலைமை அமைச்சர் வில்லெம் டிரீசுக்கு ஒரு கல்லைப் பரிசளித்தார். டிரீசு 1988 இல் மறைந்தார். பின்னர் அக்கல் ரைக்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நிலாக்கல் என்று கருதப்பட்டதால் அது பெருந்தொகைக்குக் காப்பீடும் செய்யப்பட்டது.

2006 இல் அக்கல் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, விண்வெளித் துறை அறிந்த ஒருவர் ஐயம் எழுப்பினார். பயணம் முடிந்த சில மாதங்களிலேயே நாசா இப்படி ஒரு கல்லைப் பரிசாக வழங்கியிருக்க வாய்ப்பில்லை என்பது அவர் கருத்து. ஆம்ஸ்டர்டாம் கட்டற்ற பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்கல்லை நுண்ணோக்கி வழியாகவும் நிறமாலை முறையிலும் ஆராய்ந்தனர். அதில் குவார்ட்சு கனிமம் இருந்தது. அக்கல் கல்லாக மாறிய மரம் என்பது உறுதியாயிற்று.

அருங்காட்சியகம் எங்கே தவறியது என்பதைப் பார்க்க வேண்டும். கல்லுடன் இருந்த அட்டை, அப்பல்லோ 11 வீரர்களின் நெதர்லாந்து வருகையை நினைவுகூர்ந்து தூதர் வழங்கியது என்று மட்டுமே கூறியது. அது நிலாவிலிருந்து வந்த கல் என்று அதில் எழுதப்படவில்லை. கல்லைப் பெற்றபோது நாசாவிடம் தொலைபேசி வழியாகக் கேட்டறிந்ததாக அருங்காட்சியகம் தெரிவித்தது. நெதர்லாந்துக்கு நிலாக்கல் கிடைத்திருக்கக்கூடும் என்ற பொதுவான விடை, இந்தக் கல் நிலாக்கல்தான் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கொடுத்தவரின் பதவியும் பெற்றவரின் பெருமையும் ஆய்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எளிய கனிமவியல் சோதனை ஒன்று தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

அதிகாரபூர்வ அன்பளிப்புகள்

அமெரிக்க அரசு முறைப்படி வழங்கிய நிலாப்பொருட்கள் இரண்டு வகையின. முதல் வகை அப்பல்லோ 11 காட்சிப்பலகைகள். குடியரசுத் தலைவர் நிக்சனின் வேண்டுகோளின்படி 1969 நவம்பருக்குப் பின்னரே இவற்றைச் செய்யும் பணி தொடங்கியது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.05 கிராம் எடையுள்ள நான்கு சிறு துகள்கள், ஒளிபுகும் நெகிழிக் குமிழுக்குள் அடைக்கப்பட்டு, பெறும் நாட்டின் கொடியுடன் பலகையில் பொருத்தப்பட்டிருந்தன.

இரண்டாம் வகை அப்பல்லோ 17 நல்லெண்ணக் கற்கள். 1972 டிசம்பரில் நிலாவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்ட, 70017 என்று எண்ணிடப்பட்ட பாறையிலிருந்து இவை வெட்டப்பட்டன. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரு கிராம் எடை கொண்டது.

இந்த விவரங்களோடு ஆம்ஸ்டர்டாம் கல்லை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அது கையளிக்கப்பட்டபோது அதிகாரபூர்வ அன்பளிப்புத் திட்டம் தொடங்கவே இல்லை. அது நெகிழிக்குள் அடைக்கப்படவில்லை. அதனுடன் கொடியும் இல்லை. பெற்றவரும் அப்போது பதவியில் இல்லாத ஒரு தனிமனிதர். நெதர்லாந்து நாட்டுக்கு முறைப்படி வழங்கப்பட்ட நிலாப்பொருட்கள் லைடன் நகரின் பூர்காவே அருங்காட்சியகத்தில் தனியே உள்ளன. ஆகவே போலி என்று கண்டறியப்பட்டது நாசாவின் பரிசு அன்று. நாசாவின் பரிசு என்று தவறாக நம்பப்பட்ட ஒரு பொருளே போலியாயிற்று.

ஐயவாதிகளின் வாதம்

அப்பல்லோ கற்கள் அனைத்தும் அண்டார்க்டிக்காவில் பொறுக்கப்பட்ட விண்கற்களே என்பது ஐயவாதிகள் முன்வைக்கும் மற்றொரு வாதம். ஏவூர்திப் பொறியாளர் வெர்னர் ஃபொன் பிரவுன் 1966-67 பருவத்தில் அண்டார்க்டிக்கா சென்றதை இதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். அப்பயணம் நடந்தது உண்மை. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு நிற்காது.

அண்டார்க்டிக்கப் பனிப்பரப்பில் விண்கற்கள் குவிந்து கிடக்கும் என்பது 1969 டிசம்பரில் சப்பானிய ஆய்வுக்குழு யமாட்டோ மலைப் பகுதியில் ஒன்பது கற்களைக் கண்டெடுத்தபின்னரே தெரியவந்தது. அப்பல்லோ 11, 12 ஆகியவற்றின் கற்கள் அதற்கு முன்பே புவிக்கு வந்துவிட்டன. நிலாவிலிருந்து வந்ததாக முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட அண்டார்க்டிக்க விண்கல் 1981-82 பருவத்தில்தான் எடுக்கப்பட்டது. அதை அடையாளம் காண உதவியவையே அப்பல்லோ கற்கள்தாம்.

விண்கல் வளிமண்டலத்தைக் கடக்கும்போது அதன் மேற்பரப்பு உருகி ஒரு மெல்லிய ஓடு உருவாகும். அப்பல்லோ பாறைகளில் அந்த ஓடு இல்லை. மாறாக, நுண்விண்கற்கள் மோதியதால் உண்டான மிகச் சிறிய குழிகள் அவற்றின் மேற்பரப்பில் அழியாமல் உள்ளன. காற்று மண்டலம் சூழ்ந்த புவியில் அத்தகைய குழிகள் உருவாக இயலாது.

ஆய்வு கூறுவது

ஆறு அப்பல்லோ தரையிறக்கங்களில் மொத்தம் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டுவரப்பட்டன. அவற்றின் மாதிரிகள் 1969 செப்டம்பர் முதல் பல நாடுகளின் ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களும் நிலா மாதிரிகளை ஆராய்ந்துள்ளனர். இக்கற்களில் களிமண் போன்ற நீரேறிய கனிமங்கள் இல்லை. சூரியக்காற்று பதித்த வளிமங்களும் அண்டக்கதிர்கள் உருவாக்கிய ஓரிடத்தான்களும் உள்ளன.

சோவியத் ஒன்றியத்தின் லூனா 16, 20, 24 ஆளில்லாக் கலங்கள் மொத்தம் ஏறத்தாழ 300 கிராம் நிலாமண்ணைக் கொண்டுவந்தன. சீனாவின் சாங்கே 5 2020 இல் 1,731 கிராம் கொண்டுவந்தது. போட்டி நாடுகள் தனித்தனியே பெற்ற இந்த மாதிரிகளும் அப்பல்லோ மாதிரிகளும் ஒரே வகையான உலகத்தைச் சேர்ந்தவை என்பது ஐயவாதத்துக்கு எதிரான வலுவான சான்று.

குறைகள்

ஐயவாதிகளின் முடிவு தவறு என்பதால் அதிகாரிகள் தரப்பில் குறையே இல்லை என்றாகாது. பரிசளிக்கப்பட்ட கற்கள் பெறும் நாடுகளின் உடைமையாயின. அதன்பின் அவற்றின் நிலையை நாசா தொடர்ந்து கண்காணிக்கவில்லை. அயர்லாந்தின் அப்பல்லோ 11 துகள்கள் 1977 இல் டன்சிங்க் வானாய்வகத் தீவிபத்துக்குப் பின் இடிபாடுகளோடு குப்பைமேட்டுக்குச் சென்றன. மால்டாவின் அப்பல்லோ 17 கல் 2004 இல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது. ஹொண்டுராசின் 1.142 கிராம் கல் 50 இலட்சம் டாலர் விலை கூறப்பட்ட நிலையில், 1998 இல் அமெரிக்க அதிகாரிகள் விரித்த வலையில் சிக்கியது. நீதிமன்ற நடவடிக்கைக்குப் பின் அது அந்நாட்டுக்குத் திருப்பியளிக்கப்பட்டது.

உண்மையான கற்கள் இவ்வாறு கணக்கின்றிப் போகும்போது, அந்த இடைவெளியில் போலிகள் எளிதாக நுழைகின்றன. பதிவேடு இல்லாத இடத்தில் உண்மையான கல்லுக்கும் மதிப்புக் குறைகிறது.

மதிப்பீடு

ஆம்ஸ்டர்டாம் நிகழ்வு நிலாப்பயணத்தைப் பொய்யாக்கவில்லை. மாறாக, நிலாக்கல் என்று சொல்லப்படும் ஒரு பொருளைச் சோதித்து உண்மையை அறிய முடியும் என்பதையே அது மெய்ப்பித்தது. கல்மரத்தைக் கல்மரம் என்று காட்டிய அதே அறிவியல்தான் அப்பல்லோ பாறைகளை நிலாவுக்குரியவை என்றும் காட்டுகிறது. முதல் முடிவை ஏற்று, இரண்டாவதைக் காரணமின்றி மறுப்பது முரண்பாடு ஆகும். ஐயம் எழுப்புவது அறிவியலுக்கு உகந்ததே. ஆனால் ஐயத்துக்கு விடை கிடைத்தபின் அதை ஏற்பதும் அறிவியலின் பகுதியாகும்.