அவசரப்படும் வண்ணம்

திருப்பதி, சித்தூர் போன்ற ஊர்களில் தூரிகையை நம்பிப் பிழைப்பவருக்குப் படம் விற்ற பணத்தைவிட வகுப்புக் கட்டணம்தான் பெரும்பாலும் அடுப்பெரிக்கும். அந்த வகுப்புகளுக்கு அக்ரிலிக் தோதான சரக்கு. டர்பன்டைன் நெடி கிடையாது, தூரிகையைத் தண்ணீரில் அலசினால் போதும். கோடு பிசகினால் சற்று நேரத்தில் அதன்மேலேயே வேறு வண்ணம் பூசலாம். பள்ளியில் ‘உனக்கு வரைய வராது’ என்று கேட்டு வளர்ந்தவர்கூட, நடுவயதில் துணிந்து ஒரு சிவப்பை அள்ளி அப்புகிறார். இந்தத் துணிச்சலைத் தந்ததற்காகவே அக்ரிலிக்குக்கு நன்றி சொல்லலாம்.

கோளாறும் அங்கேதான். பிசகை மூடிவிட முடிகிற இடத்தில், ஏன் பிசகியது என்று யாரும் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு நம் பக்கத்து வெயில். சித்திரை மாதத்தில் வண்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடும். தண்ணீர் தெளித்து, வண்ணத்துக்கு அடியில் தட்டில் ஈரத்தாள் விரித்து வேலை செய்யப் பொறுமையில்லாத மாணவர், கலக்காமல் டியூபிலிருந்து அப்படியே பிதுக்கிப் பூசுகிறார். அந்தப் பளீரைத்தான் ‘உணர்ச்சி வெளிப்பாடு’ என்று பாராட்டி அனுப்புகிறோம். ஆசிரியரின் மாதிரிப் படத்தைப் பார்த்து இருபது பேரும் ஒரே மயிலை வரைந்தால், அதில் யாருடைய உணர்ச்சி?

திருப்பதிக்குக் கிழக்கே, ஒரு மணிநேரப் பயணத்தில் காளத்தி. அங்கே கலம்காரித் துணி ஓவியம் வரைபவர் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், வெல்லத்தோடு இரும்பு ஊறிய நீரைத் தொட்டு ‘கலம்’ என்னும் மூங்கில் பேனாவால் கோடிழுக்கிறார். கடுக்காயின் துவர்ப்பில் பட்டதும் அது கறுக்கும். பிறகு அழிக்க முடியாது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் பூசுவதோ கிட்டத்தட்ட நிறமற்ற படிகார நீர். சாயத்தில் கொதித்த பிறகுதான் சிவப்பு தெரியும். ஆக, வண்ணத்தை முதலில் மனத்தில் பார்த்தாக வேண்டும். அக்ரிலிக் வகுப்பில் விடுபட்டுப்போவது இந்தப் பயிற்சிதான். இத்தனைக்கும் அக்ரிலிக்கும் உலரும்போது ஒரு படி கருக்கும். முன்கூட்டி ஊகிக்கும் கண் அதற்கும் வேண்டும்.

கலம்காரியைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் நான் தயாரில்லை. 2008இல் பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்டா குரப்ப செட்டி போன்ற மேதைகளைத் தந்த மரபுதான். ஆனாலும் ராமாயணம், பாரதம், அதே கட்டங்கள், அதே கண்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து வரையும் மாணவருக்குத் தன் தெருவை வரைய அங்கே சுலபத்தில் இடம் கிடைக்காது.

தெலங்கானா ஓவியர் தோட்டா வைகுண்டம் (பிறப்பு 1942) இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டுகிறார். குங்குமமும் மஞ்சளும் கொட்டிக்கிடக்கும் அவருடைய கிராமத்துப் பெண்களைப் பார்ப்பவர் வண்ணத்தைத்தான் முதலில் பேசுவார். ஆனால் அந்தப் படங்களைத் தாங்குவது பென்சிலிலும் கரியிலும் பழகிய கோடு. ஹைதராபாத் பால பவனில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தவரும்கூட.

ஆகவே அக்ரிலிக் வகுப்பின் முதல் மாதம் மூன்று வண்ணமும் வெள்ளையும் மட்டும் கொடுத்து, கலக்கவும் காத்திருக்கவும் பழக்கலாம் என்பேன். சொல்வது எளிது. மாதக் கட்டணம் கட்டிய பெற்றோரிடம், “உங்கள் பிள்ளை இந்த மாதம் வீட்டுக்குப் படம் எதுவும் கொண்டுவராது” என்று சொல்ல வேண்டியவர், அடுத்த மாத வாடகையையும் அதே கட்டணத்தில்தான் கொடுக்கிறார்.