யாக்கோபின் கேள்வியும் நெய்வேலியின் வயல்களும்

சபையில் சச்சரவு எழும்போதெல்லாம் போதகர்கள் நாடும் திருமறைப் பகுதி யாக்கோபு 4:1-3. நிறைவேறாத உள்ளத்து ஆசையே சண்டைக்கு வேர். ஆகவே ஆசையை அடக்குக என்பது வழக்கமான விளக்கம். இது பிழையன்று, ஆனால் குறையுடையது என்பது நம் கருத்து.

முதலாவது சொல்லைக் கவனிப்போம். கிரேக்க மூலத்தில் முதலாம், மூன்றாம் வசனங்களில் வருவது 'ஹேடோனே'; தன்னின்ப நாட்டம் என்பது பொருள். இரண்டாம் வசனத்தில் வருவதோ விரும்புதலைக் குறிக்கும் வேறொரு வினை. பஸ்காவைப் புசிக்க ஆண்டவர் கொண்ட விருப்பத்தை லூக்கா 22:15 குறிப்பதும் அவ்வினையாலேயே. நமது பழைய மொழிபெயர்ப்பு யாக்கோபில் இரண்டையும் 'இச்சை' என்னும் ஒரே அடியால் பெயர்த்துள்ளது. இதனால், ஏங்குவோர் யாவரும் குற்றவாளிகளே என்னும் மயக்கம் பிரசங்கத்தில் நுழைகிறது.

இம்மயக்கத்தை நெய்வேலியில் வைத்துச் சோதிப்போம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது முதல் சுரங்கத்துக்காகப் பல கிராமத்தார் நிலமும் வீடும் இழந்தனர். 2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தையொட்டிக் கால்வாய் வெட்டுவதற்காக, வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். 28ஆம் நாள் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய போராட்டம் கல்வீச்சாக மாறியது. காவலர் வானோக்கிச் சுட்டனர். அந்நாட்களிலேயே ஒப்பந்தத் தொழிலாளரும் பணி நிரந்தரம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர்.

இவர்களிடம் 'ஆசையை அடக்குங்கள்' என்று மட்டும் உரைப்பது யாக்கோபின் செய்தியாகுமா? பிடித்துவைக்கப்பட்ட கூலியின் கூக்குரல் கர்த்தரின் செவிக்கு எட்டியதென்று அதே நிருபம் 5:4 அறிவிக்கிறது. நாபோத்தின் வரலாற்றிலும் (1 இராஜாக்கள் 21) நிறைவேறாத ஆசையால் உண்ணாமல் படுத்துக்கொண்டவன் ஆகாபே. நாபோத் தன் பிதாக்களின் சுதந்தரத்தைக் காத்தான். ஆகாப் விலையும் மாற்றுத்தோட்டமும் தர முன்வந்தான் என்பதும் சிந்திக்கத்தக்கது. நிறுவனத்தை அக்கொலைபாதகனோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. வலியோரின் ஆசையும் ஆராயப்பட வேண்டியதே என்கிறோம்.

ஆயினும், நியாயமான கோரிக்கையும் கல்லைக் கையிலெடுக்கும்போது யாக்கோபின் கேள்விக்கு உட்படுகிறது. நாமும் தப்பவில்லை. நெய்வேலியின் மின்சாரம் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் செல்கிறது. ஆலயத்தில் நம் தலைக்குமேல் சுழலும் மின்விசிறிக்கும் அதில் பங்கிருக்கலாம். இப்பகுதியைப் பிரசங்கிக்க எழும் போதகர், விரும்புகிறவர் யார், அவ்விருப்பத்தின் விலையைச் செலுத்துகிறவர் யார் என்று முதலில் தம்மையே கேட்டபின் பீடமேறுவாராக.